பிரிகேடு சாலையில் ஒரு கோழிக்கடை

பெங்களூரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்குக் கே.எப்.சி. என்பது பேட்டைக்குப் பேட்டை இருக்கும் ஒரு கடை. இந்தியாவின் முதல் கே.எப்.சி. நம் ஊர் பிரிகேடு சாலையில்தான் திறக்கப்பட்டது என்றால் வியப்படைவார்கள். அந்த ஒரு கடைக்கு உரிமம் ரத்தானது, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது, உழவர்கள் உள்ளே புகுந்து கண்ணாடிகளை உடைத்தார்கள் என்றால் நம்பவே மாட்டார்கள். ஆனால் இவை யாவும் நடந்தவை. அந்த நாளில் இங்கே வாழ்ந்த நம்மில் பலருக்கு நினைவிருக்கும். கடைக்கு முன் காத்து நின்றவர்களும் உண்டு. 'நமக்கெதற்கு' என்று எதிர்ப்பக்கம் நடந்தவர்களும் உண்டு. சைவக் குடும்பத்தார்கூட எட்டி நின்று வேடிக்கை பார்த்ததுண்டு.

வறுத்த கோழியைப் பற்றி ஒரு பாடமா என்று அன்பர்கள் கேட்கலாம். சமையல், சட்டம், உழவு மூன்றும் அந்த ஒரு வாசலில் சந்தித்துக்கொண்டன. அதனால்தான் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடை வந்த இடம்

பிரிகேடு சாலை கண்டோன்மெண்ட் பகுதியைச் சேர்ந்தது. 1809-ல் ஆங்கிலேயர் இங்கே படைமுகாம் அமைத்தார்கள். படைவீரர்களாக, படைக்குப் பொருள் தருபவர்களாக, கட்டட வேலைக்காரர்களாக, சிறு வணிகர்களாகத் தமிழர்கள் வந்து அல்சூர், சிவாஜிநகர் போன்ற பகுதிகளில் குடியேறினார்கள். 1881-ல் மைசூர் அரசு மீண்டும் உடையார்களிடம் வந்தபோதும் கண்டோன்மெண்ட் ஆங்கிலேயர் ஆட்சியிலேயே தங்கிவிட்டது. 1947-ல்தான் அது மைசூரிடம் வந்தது. 1949-ல் பேட்டையும் கண்டோன்மெண்டும் இணைந்து ஒரே மாநகராட்சி ஆயின.

ஆகவே வெளியூர்ப் பண்டமும் வெளியூர் மனிதரும் அந்தச் சாலைக்குப் புதிதல்ல. கோவையிலிருந்து நீலகிரிக்குத் தபால் சுமந்த முத்துசாமி முதலியார் 1905-ல் தொடங்கிய வெண்ணெய் வியாபாரம்தான் 'நீலகிரிஸ்' ஆயிற்று. அவர் குடும்பத்தார் 1936-ல் பிரிகேடு சாலையில் கடை வைத்தார்கள். ரொட்டியும் கேக்கும் பாலாடைக்கட்டியும் இந்த ஊருக்குப் பழக்கமானதில் அந்தத் தமிழ்க் குடும்பத்துக்கு நல்ல பங்கு உண்டு.

பொரித்த கோழியும் இந்த ஊருக்குப் புதிதல்ல. மிலிட்டரி ஓட்டல்கள் இருந்தன. மாலையில் தள்ளுவண்டிகளில் சிவப்பாகப் பொரித்துத் தருவார்களே, அதைப் பெங்களூர்க்காரர் 'கபாப்' என்பார்கள். மற்ற ஊர்களில் கபாப் என்றால் நெருப்பில் சுட்டது. இங்கே எண்ணெயில் பொரித்தது. சென்னை புகாரி ஓட்டலின் பெயரோடு சேர்ந்த சிக்கன் 65-உம் அதற்கு நெருங்கிய உறவுதான். அப்படியிருக்க, புதிய கடை கொண்டுவந்த புதுமை என்ன?

கர்னலின் குக்கர்

அந்தக் கடையின் படத்தில் வெள்ளைத் தாடியோடு சிரிப்பவர் ஹார்லண்ட் சாண்டர்ஸ். 1890-ல் பிறந்தவர். அமெரிக்காவின் கெண்டகி மாநிலத்தில் கார்பின் என்ற ஊரில், 1930-ல் ஒரு பெட்ரோல் பங்கை நடத்திக்கொண்டே வழிப்போக்கர்களுக்குச் சாப்பாடு போட்டார். 'கர்னல்' என்பது படையில் பெற்ற பதவியன்று. 1935-ல் அந்த மாநில ஆளுநர் கொடுத்த கௌரவப் பட்டம்.

கோழியை வாணலியில் வறுத்துக் கொடுக்க அரைமணி நேரம் ஆயிற்று. வண்டியை நிறுத்திவிட்டு வருபவர் அவ்வளவு நேரம் காத்திருப்பாரா? நிறைய எண்ணெயில் போட்டால் சீக்கிரம் ஆகும். ஆனால் சதை வறண்டுவிடும். அப்போது அமெரிக்கச் சந்தைக்குப் புதிதாக வந்திருந்த பிரஷர் குக்கரை அவர் 1939-ல் வாங்கி, எண்ணெயில் பொரிப்பதற்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார். நம் வீடுகளில் பருப்பு வேகவைக்கும் அதே தத்துவம்தான். மூடிய பாத்திரத்தில் அழுத்தம் ஏறும்போது நீரின் கொதிநிலையும் ஏறும். கோழியின் ஈரம் சட்டென்று ஆவியாகிப் போகாது. வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே ஈரமாகவும் சில நிமிடங்களில் வெந்துவிடும். (வீட்டில் யாரும் குக்கரில் எண்ணெய் ஊற்றிப் பொரிக்க முயலவேண்டாம். அது பெரிய ஆபத்து. கடையில் இருப்பது அதற்கென்றே செய்த கருவி.)

1952-ல் யூட்டா மாநிலத்தில் பீட் ஹார்மன் என்ற உணவகக்காரர் அவருடைய செய்முறையை ஏற்று முதல் கிளைக்கடையை நடத்தினார். 1957-ல் ஒரு குடும்பத்துக்கு வேண்டியதைக் காகித வாளியில் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பழக்கமும் அந்த ஹார்மனிடமிருந்தே வந்தது. புதிய நெடுஞ்சாலை வேறு வழியாகப் போகவே கார்பின் உணவகம் நொடித்தது. சாண்டர்ஸ் 65 வயதுக்கு மேல் காரில் ஊர் ஊராகச் சென்று, தம் செய்முறையை மற்ற உணவகங்களுக்குக் கற்றுக்கொடுத்துப் பங்கு பெற்றார். 1964-ல் இருபது லட்சம் டாலருக்கு நிறுவனத்தை விற்றார். அது கைமாறி 1986-ல் பெப்சி நிறுவனத்திடம் போயிற்று.

நம் ஊருக்கு வந்தது இந்த ஏற்பாடுதான். எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே அளவு, ஒரே சுவை, ஒரே பெட்டி. ருசி அவரவர் நாவைப் பொறுத்தது. ஆனால் அந்த ஒழுங்கு புதிது.

1995 ஜூன்

1991-ல் மத்திய அரசு புதிய பொருளாதாரக் கொள்கையை அறிவித்து அந்நிய முதலீட்டுக்குக் கதவைத் திறந்தது. 1995 ஜூனில் பிரிகேடு சாலையில் கடை திறக்கப்பட்டது. குளிரூட்டிய இரண்டு மாடிக் கட்டடம். வரிசையில் நின்று, காசைக் கொடுத்து, தட்டை நாமே ஏந்திக்கொண்டு போய் உட்காரவேண்டும். பரிமாற ஆள் வராததைக் கண்டு பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். இளையவர்களுக்கு அதுவே வேடிக்கையாக இருந்தது. பிறந்தநாள், தேர்வு முடிவு, முதல் சம்பளம் என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லிப் போனார்கள். பெட்டியில் கட்டி வீட்டுக்கு எடுத்துவந்தால் ஆட்டோ முழுதும் வாசனை.

அளவு மீறிய அஜினோமோட்டோ

கடை திறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 1995 செப்டம்பரில் மாநகராட்சி உரிமத்தை ரத்து செய்தது. நாம் அஜினோமோட்டோ என்று அழைக்கும் மோனோசோடியம் குளூட்டமேட், கோழியில் 2.8 சதவீதம் இருப்பதாகச் சோதனையில் தெரிந்ததென்றும், அனுமதித்த அளவு 1 சதவீதமே என்றும் அதிகாரிகள் கூறினர். நிறுவனம் உயர் நீதிமன்றத்தை நாடியது. நீதிமன்றத்தின் தலையீட்டால் கடை மீண்டும் திறந்தது. அதே ஆண்டின் இறுதியில் டில்லியில் திறந்த கிளையும் சுகாதாரக் காரணம் காட்டி மூடப்பட்டு, அங்கும் வழக்கு நடந்தது.

இதில் பிள்ளைகள் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். குளூட்டமேட் தக்காளியிலும் இயற்கையாக இருப்பது. அதுவே நஞ்சு என்று அறிவியல் சொல்லவில்லை. ஆனால் சட்டம் ஓர் எல்லை வகுத்திருந்தால், பெரிய கம்பெனியானாலும் தள்ளுவண்டிக்காரரானாலும் அதற்குக் கட்டுப்படவேண்டும். அன்றிருந்தது 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம். அதன் இடத்தில் இப்போது 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டம் இருக்கிறது. தள்ளுவண்டிகளில் இதே சோதனையை யாராவது செய்தார்களா என்று அன்று பலர் கேட்டதும் நியாயமான கேள்விதான்.

பச்சைத் துண்டுக்காரர்கள்

கன்னடத்தில் 'ரைதா' என்றால் உழவர். 1980-ல் உருவான கர்நாடக ராஜ்ய ரைத சங்கத்தாரின் அடையாளம் தோளில் போட்ட பச்சைத் துண்டு. அதன் தலைவர் எம்.டி. நஞ்சுண்டசாமி சட்டப் பேராசிரியராக இருந்தவர். 1992 டிசம்பரில் இவர்கள் பெங்களூரிலிருந்த கார்கில் விதை நிறுவனத்தின் அலுவலகத்துள் புகுந்து கோப்புகளை எரித்திருந்தார்கள். விதை உழவருக்குச் சொந்தமா, கம்பெனிக்குச் சொந்தமா என்பது அன்றைய வழக்கு. 1995 ஜனவரியில் உலக வர்த்தக அமைப்பும் நடைமுறைக்கு வந்திருந்தது.

1996 ஜனவரி 30, காந்தியடிகள் நினைவு நாள். அன்று சங்கத்தைச் சேர்ந்த சுமார் நூறு பேர் பிரிகேடு சாலைக் கடைக்குள் புகுந்து கண்ணாடிகளையும் மேசை நாற்காலிகளையும் உடைத்தார்கள். பிறகு வாசலில் போலீஸ் காவல் போடப்பட்டது. காவலர்களைக் கடந்து போய்க் கோழி வாங்கிய நாட்கள் அவை.

உடைத்தது தவறு. உள்ளே வேலை பார்த்தவர்களும் சம்பளத்தை நம்பிய நம் ஊர்ப் பிள்ளைகள்தானே? அகிம்சையைப் போதித்தவரின் நினைவு நாளில் அது நடந்தது இன்னும் வருத்தம். ஆனால் அவர்கள் கேட்டதை அன்று நம்மில் பலர் காதில் வாங்கவில்லை. 'மனிதருக்குத் தானியம் விளையும் நிலத்தில் கோழிக்குத் தீவனம் விளைவிக்கச் சொல்வார்கள். எதை விளைவிப்பது, என்ன விலை என்பதை எங்கோ இருக்கும் கம்பெனி முடிவு செய்யும். அப்போது சிறு உழவன் என்ன ஆவான்?' அவர்கள் பேச்சின் சாரம் இதுதான்.

பிறகு நடந்தது

கடை நிலைத்தது. 2000-க்குப் பிறகு அந்த நிறுவனம் இந்தியாவின் பல நகரங்களில் பரவியது. நஞ்சுண்டசாமி 2004 பிப்ரவரியில் மறைந்தார்.

உழவர்கள் அஞ்சியது நடந்ததா? பாதி நடந்தது, ஆனால் எதிர்பார்த்த வழியில் அல்ல. இறைச்சிக்கோழி ஓர் எடைக் கிலோ கூட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு கிலோ தீவனம் வேண்டும். அதில் பெரும்பங்கு மக்காச்சோளம். தாவணகெரே, ஹாவேரி பக்கம் மக்காச்சோளம் முக்கியப் பயிராகிவிட்டது. கடன்பட்ட உழவருக்குக் கைமேல் காசு தரும் பயிர் என்பதால் அவர்களே விரும்பியும் விதைத்தார்கள்.

ஒப்பந்த முறையைப் பரப்பியதில் முன்னின்றவை நம் பக்கத்து நிறுவனங்கள். 1984-ல் உடுமலைப்பேட்டையில் தொடங்கிய சுகுணா அதில் முக்கியமானது. கம்பெனி குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுக்கும். உழவர் கொட்டகையும் உழைப்பும் கொடுப்பார். சுமார் ஆறு வாரத்தில் இரண்டு கிலோ அளவுக்கு வளர்ந்த கோழியைக் கம்பெனியே எடுத்துக்கொண்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி தரும். மழை பொய்த்த பல்லடம், உடுமலைப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றை இது காப்பாற்றியது உண்மை. ஆனால் கோழி உழவருடையதல்ல, கூலியை முடிவு செய்வதும் அவரல்ல என்பதும் உண்மை. கூலியை உயர்த்தக் கோரிப் பண்ணையாளர்கள் போராடிய செய்திகளை நாம் படித்திருக்கிறோம். 1996-ல் பிரிகேடு சாலையில் கேட்ட கேள்வி இன்று நம் சொந்த ஊரிலேயே கேட்கிறது.

நம்மில் பெரும்பாலோர் இரண்டு தலைமுறைக்கு முன் மண்ணை நம்பி வாழ்ந்த குடும்பத்தார். பஞ்சத்தாலோ படிப்பாலோ வேலையாலோ இந்த ஊருக்கு வந்தோம். அந்தக் கடைக்குள் தட்டேந்தி நின்றதும் நாம்தான். வெளியே பச்சைத் துண்டோடு நின்றவரின் முகச்சாயல் நம் பெரியப்பாவிடமும் இருந்தது. பழைய நாட்களை நினைத்து மகிழ்வது தவறில்லை. பிள்ளைகளுக்குக் கோழியின் வாசனையை மட்டும் சொல்லிவிட்டு வாசலில் நின்றவரை விட்டுவிட்டால், நாம் சொல்வது பாதிக் கதைதான்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. குக்கரில் பருப்பு ஏன் சீக்கிரம் வேகிறது? பிள்ளைகள் தம் சொற்களில் விளக்கட்டும்.

2. சட்டம் வகுத்த எல்லையை மீறுவதும் உடலுக்குத் தீங்கு செய்வதும் ஒன்றுதானா? உதாரணம் சொல்லுங்கள்.

3. கேள்வி நியாயமாக இருந்து, கேட்ட முறை தவறானால் நாம் என்ன செய்யவேண்டும்?

4. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, சாலையோரம் கம்பிவலை போட்ட நீண்ட கோழிக்கொட்டகை தெரிந்தால், அல்லது உறவினர் யாரேனும் வைத்திருந்தால், கோழி யாருடையது, தீவனம் எங்கிருந்து வருகிறது, கூலி எவ்வளவு என்று மரியாதையோடு கேட்டு, தமிழில் ஒரு பக்கம் எழுதி வாருங்கள்.