நெல்லுக்குத் தழைச்சத்து தரும் அசோலா

"அசோலா விட்டேன், வயலில் பச்சைப் பாய் விரித்தாற்போல் பரவியது. ஆனால் பயிர் பச்சை பிடிக்கவில்லையே!" திருவண்ணாமலைப் பகுதி உழவர்களிடம் இக்குறையைக் கேட்பதுண்டு. விசாரித்தால், பெரும்பாலும் அசோலாவைச் சேற்றில் மிதித்து விடாமல் இருந்திருப்பார்கள்.

அசோலா என்பது என்ன?

அசோலா நீரில் மிதக்கும் சிறு பெரணி வகைத் தாவரம். இதன் இலையிலுள்ள குழியில் அனபீனா என்னும் நீலப்பச்சைப் பாசி வாழ்கிறது. இப்பாசியே காற்றிலுள்ள தழைச்சத்தைக் கிரகித்து அசோலாவுக்குக் கொடுக்கிறது. வியட்நாமிலும் தென்சீனாவிலும் இதை நெடுங்காலமாக நெல்லுக்கு உரமாக்கி வந்துள்ளனர். நம் நாட்டில் 1970-களில் கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இதுபற்றி விரிவாக ஆராயப்பட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எஸ். கண்ணையன் இவ்வாராய்ச்சியை வளர்த்தார்.

எவ்வளவு சத்து கிடைக்கும்?

பச்சை அசோலாவில் 100-க்கு 93 பங்குக்கு மேல் நீரே. எனவே 4 டன் பச்சை அசோலாவை ஒரு ஏக்கரில் மடக்கி விட்டால் சுமார் 10 கிலோ தழைச்சத்து கிடைக்கும். இது 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறத்தாழ அரை மூட்டைக்குச் சமம். இதனால் யூரியாவை அறவே நிறுத்திவிட முடியாது. மண் பரிசோதனைப்படி இடவேண்டிய அளவில் ஒரு பகுதியைக் குறைக்கலாம்.

நாற்றங்கால்

1. 20 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்தில், அதாவது ஒரு சென்ட் அளவில், சமமான பாத்தி அமைத்து 10 செ.மீ. நீர் கட்டவும்.
2. 10 கிலோ சாணத்தை 20 லிட்டர் நீரில் கரைத்துத் தெளிக்கவும். 100 கிராம் சூப்பர் பாஸ்பேட் இடவும்.
3. 8 கிலோ அசோலா விதையைத் தூவவும். 4-ஆம் நாளும் 8-ஆம் நாளும் மேலும் 100 கிராம் வீதம் சூப்பர் பாஸ்பேட் இடவும்.

இரண்டு மூன்று வாரங்களில் ஏறத்தாழ 100 கிலோ, அதாவது ஒரு ஏக்கருக்கு வேண்டிய விதை, கிடைக்கும். அசோலா சிவந்து போனால் மணிச்சத்துக் குறைவோ கடும் வெயிலோ காரணமாகலாம். புழு அரித்த பகுதியை உடனே அள்ளி அப்புறப்படுத்தவும்.

வயலில் இடும் முறை

நடவு செய்த ஒரு வாரத்தில் ஏக்கருக்கு 100 கிலோ அசோலாவைப் பரவலாகத் தூவவும். வயலில் எப்போதும் நீர் நிற்க வேண்டும். காய்ந்தால் அசோலா மடிந்துவிடும். இரண்டு மூன்று வாரங்களில் வயலை மூடியதும் நீரை வடித்து, களையெடுக்கும்போதே காலால் மிதித்தோ கோனோவீடரை உருட்டியோ சேற்றில் அமுக்கவும். மிதக்கும் அசோலா தன் சத்தைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும். சேற்றில் மட்கிய பிறகே அது படிப்படியாகப் பயிரின் வேருக்குக் கிட்டும். அமுக்கியபின் மீண்டும் நீர் கட்டினால், தப்பி மிதக்கும் அசோலா மறுபடியும் பெருகும். அடர்ந்து மூடிய அசோலா களைகளையும் ஓரளவு கட்டுப்படுத்தும்.

ஏற்ற பருவம்

அசோலாவுக்கு 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் உகந்தது. ஆகவே நம் பகுதியில் சித்திரை, வைகாசி வெயிலில் சொர்ணவாரிக்கு இதை நம்ப வேண்டாம். சம்பாவுக்கும் நவரைக்கும் ஏற்றது. ஏரி நீரை மட்டும் நம்பியவர்கள், ஒரு மாதமாவது வயலில் நீர் நிறுத்த முடியுமா என்று பார்த்தபின் இறங்கவும். கிணற்றுப் பாசனம் உள்ளவர்களுக்கு இக்கவலை குறைவு.

கார்த்திகை தீபம் முடிந்ததும் ஒரு சென்ட் பாத்தியில் அசோலா விட்டு வைத்தால், நவரை நடவுக்கு விதை தயாராக இருக்கும். முதல் முறை கால் ஏக்கரில் மட்டும் செய்து பார்த்து, பக்கத்து வயலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பலனைக் கண்ணால் கண்டபின் மற்ற வயல்களுக்கும் விரிவுபடுத்தலாம்.