நூல் பில்லும் மெயில் பெட்டியும்

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சேலை வியாபாரம் பார்க்கும் அண்ணாச்சியிடம் கணக்கு எழுதச் சேர்ந்திருக்கிறாய் என்று உங்கப்பா சொன்னான். ரொம்ப சந்தோஷம். டாலி உனக்குத் தெரியும்; ஜிஎஸ்டி தாக்கலும் ரெண்டு மாசத்தில் கைக்கு வந்துவிடும். ஆனால் கடையின் மெயிலும் அந்தக் கம்ப்யூட்டரும் இனிமேல் உன் பொறுப்பு. அதை யாரும் உனக்குச் சொல்லித் தரமாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் மெயிலை ஒழுங்குபடுத்து. நூல் அனுப்பும் ஒவ்வொரு மில்லுக்கும் ஒரு லேபிள், வங்கிக்கு ஒன்று, ஜிஎஸ்டிக்கு ஒன்று, மின்வாரியத்துக்கு ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். லேபிள் பெருகினால் எதில் போட்டோம் என்று தேடுவதே வேலையாகிவிடும். மில்லில் இருந்து வந்த பழைய பில் ஒன்றைத் திறந்து, அதன் முழு மெயில் முகவரியைக் கொடுத்து ஃபில்டர் போட்டுவிடு. மில்லின் பெயரைக் கொடுக்காதே, முகவரியைக் கொடு. இது முக்கியம். பெயரை எவன் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு ஒரு மோசடிக்காரன் அதே பெயரில், முகவரியில் மட்டும் ஆங்கில ‘எல்’ எழுத்து வரவேண்டிய இடத்தில் 1 போட்டு அனுப்பினால், அந்த மெயில் லேபிளுக்குள் விழாமல் வெளியே தனியாக நிற்கும். ஒழுங்காக வைத்த பெட்டியில் அந்நியன் உடனே கண்ணில் படுவான்.

இப்படி வரும் மெயிலில் பெரும்பாலும் என்ன இருக்கும் தெரியுமா? ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த முறை நூல் பணத்தைப் புதுக் கணக்குக்கு ஆர்டிஜிஎஸ் பண்ணுங்கள்’ என்று இருக்கும். கீழே மில்லின் முத்திரை, ஜிஎஸ்டி எண் எல்லாம் சரியாகவே இருக்கும். சில நேரம் மில்லின் மெயிலுக்குள்ளேயே ஆள் புகுந்து அனுப்புவதும் உண்டு. அப்போது உன் ஃபில்டரும் ஏமாந்துபோகும். அதனால் கணக்கு எண் மாறியது என்று எந்த மெயில் வந்தாலும், அந்த மெயிலில் உள்ள நம்பருக்கு அல்ல, உன் பழைய பில்லில் அச்சடித்திருக்கும் நம்பருக்குப் போன் போட்டு, வழக்கமாகப் பேசும் ஆளிடம் கேள். அண்ணாச்சி அவசரப்படுத்தினாலும் கேட்டுவிட்டே அனுப்பு.

நகைக்கடை, கடன் விளம்பரம் எல்லாவற்றையும் அழித்துவிடலாம். ஜிமெயிலில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபிதான். டிரைவும் போட்டோவும் அதற்குள்ளேயே அடக்கம். நிரம்பிவிட்டால் புது மெயில் வராது. 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 3பி தாக்கல் செய்ய உட்காரும்போது ஓடிபி வராமல் தவிக்கக் கூடாது.

அடுத்தது அப்டேட். இதை நாளை, நாளை என்று தள்ளுவதுதான் எல்லாக் கடையிலும் வழக்கம். 2017 மே 12 அன்று வான்னக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே திணறின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. போடாமல் விட்டவர்களே பெரும்பாலும் மாட்டினார்கள். உன் கடைக் கம்ப்யூட்டர் விண்டோஸ் 10 என்றால் அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்த்து, ஏறாது என்றால் அண்ணாச்சியிடம் நேராகச் சொல்லிவிடு.

ஆனால் அப்டேட்டை நீயே தேடிப்போய் எடுக்க வேண்டும். ஏதோ ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது ‘உங்கள் குரோம் பழசாகிவிட்டது, இங்கே அழுத்துங்கள்’ என்று குதித்து வந்தால் மூடிவிடு. விண்டோஸுக்கு செட்டிங்ஸுக்குள் போ. குரோமுக்கு மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, ஹெல்ப் வழியாகப் போ. மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிற ஃபைலால் எந்த மென்பொருளையும் புதுப்பிக்காதே. தொடங்கும் முன்பு டாலி கணக்கை பென் டிரைவில் பேக்கப் எடுத்து, உடனே கழற்றி பீரோவில் வை. செருகியே கிடந்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும். பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் போட்டிருக்கும் நாளில் அப்டேட்டைத் தொடாதே. ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கடை அடைக்கும்போது சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாசக்கணக்கில் ஒத்திப் போடவும் வேண்டாம்.

இன்னொன்று. 2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டர் ஒன்றில் வைரஸ் புகுந்திருந்ததை இந்திய அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. அது இணையத்தோடு இணைந்திருந்த நிர்வாகப் பிரிவுக் கம்ப்யூட்டர். முக்கியமான உள் கட்டமைப்பு அதிலிருந்து தனியாகப் பிரிந்திருந்தது, அதற்குப் பாதிப்பில்லை என்றார்கள். நம் கடைக்கும் அந்தப் பிரிவினை வேண்டும். கடையில் இருப்பது ஒரே கம்ப்யூட்டராகத்தான் இருக்கும். அண்ணாச்சி மகன் படம் பார்க்கவும், லோடுமேன் போட்டோ பிரிண்ட் எடுக்கவும் அதிலேயே உட்காருவார்கள். அவர்களுக்குத் தனி யூசர் கணக்கு போட்டுக் கொடு. எதையும் இன்ஸ்டால் பண்ணும் அதிகாரம் அதற்கு வேண்டாம். வங்கி வேலையும் ஜிஎஸ்டியும் உன் கணக்கில் மட்டும் நடக்கட்டும். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டும் பழக்கம் அங்கே இருந்தால் முதல் நாளே கிழித்துவிடு.

இவ்வளவும் பார்த்தும் பணம் தப்பான கணக்குக்குப் போய்விட்டால், திட்டு விழுமே என்று பயந்து சாயங்காலம் வரை மறைக்காதே. அந்த நிமிஷமே 1930க்குப் போன் பண்ணு, வங்கிக்கும் சொல், அப்புறம் அண்ணாச்சியிடம் சொல். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தகவல் போனால் நிறுத்திவைக்க வழி இருக்கிறது.

அன்புடன்,
பெரியப்பா