ஆடிக் காற்றுக்குத் தப்பும் அடுப்படி

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே இருக்கும் அனுமந்தன்பட்டியில் வீடு கட்டுகிறவர், பிளானை எந்த ஊரிலிருந்து வேண்டுமானாலும் வாங்கலாம். காற்று இந்த ஊர்க் காற்றுதான். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை. ஆனி பிறந்ததும் தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடுக்கில் புகுந்து வேகம் பிடிக்கும். மேற்கு ஜன்னல் திறந்திருந்தால் கேஸ் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாத்திரத்தைத் தொடாமல் எரியும். அதனால் சமைப்பதும் சாப்பிடுவதும் ஒரே சின்ன அறையில் என்று முடிவானால், முதலில் அடுப்புக்கு இடம் பாருங்கள். சாப்பாட்டு மேசையை மடக்கலாம், நகர்த்தலாம். அடுப்பை முடியாது.

அதற்கும் முன்னால் அறை போதுமா என்று பாருங்கள். சமையலறையிலேயே சாப்பிடுவதானால் குறைந்தது 7.5 சதுர மீட்டர் பரப்பும் 2.1 மீட்டர் அகலமும் வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித் தொகுப்பு. நம் கணக்கில் ஏறக்குறைய 81 சதுர அடி, 7 அடி அகலம். கிழமேல் 8 அடி, தென்வடல் 11 அடி என்று ஒரு அறையை எடுத்துக்கொள்வோம். ஹாலிலிருந்து வரும் வாசல் வடக்குச் சுவரின் நடுவில்.

அடுப்பு தென்கிழக்கு மூலையில். அக்னி மூலை என்று பெரியவர்கள் சொல்வதற்கு வாஸ்து காரணமோ என்னவோ, இந்தப் பள்ளத்தாக்கில் அது காற்று மறைவான மூலை. எனக்கு அந்தக் காரணமே போதும். எக்ஸாஸ்ட் ஃபேனைக் கிழக்குச் சுவரில், அடுப்புக்கு மேலே வையுங்கள். மேற்கில் வைத்தால் ஆடி மாதத்தில் ஃபேன் வெளியே தள்ளும் புகையைக் காற்று திரும்ப உள்ளே தள்ளும். தெற்குச் சுவரில் அடுப்பை ஒட்டி ஜன்னல் வேண்டாம். கிழக்கில் 3 அடிக்கு 4 அடி ஜன்னல் ஒன்று, அடுப்பைவிட்டுத் தள்ளி இருக்கட்டும். மேற்கிலும் ஒன்று வைக்கலாம், ஆனால் ஆடியில் இறுக்கிச் சாத்தும்படி கதவு இருக்க வேண்டும்.

அடுத்து மேடை. கிழக்குச் சுவரை ஒட்டி, தெற்கிலிருந்து 8 அடி நீளம், 2 அடி அகலம். அதன் வடகோடியில் சிங்க், நடுவில் காய் நறுக்க 3 அடி வெற்றிடம், தென்கோடியில் அடுப்பு. மிச்சமுள்ள வடகிழக்கு மூலையில் ஃபிரிட்ஜ். காய் ஃபிரிட்ஜில் இருந்து சிங்க், பலகை, அடுப்பு என்று ஒரே திசையில் போகும். சிங்க் தண்ணீர் எண்ணெய்ச் சட்டியில் தெறிக்காது. நடக்கும் அடிகளைக் குறைக்கும் இந்தக் கணக்கு பழையதுதான். 1926-இல் வியன்னாக்காரரான மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஃபிராங்க்ஃபர்ட் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு வடிவமைத்த சமையலறை வெறும் 1.9க்கு 3.4 மீட்டர், சாப்பாடு பக்கத்து அறையில்.

தெற்குச் சுவரில் மேடையை எல் வடிவில் 5 அடிக்குத் திருப்பினால் கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் இடமாச்சு. கிரைண்டர் சாய்த்து மாவு வழிக்கும் வகை என்றால், சாய்க்கும் இடத்தையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். தென்மேற்கு மூலையில் மிஞ்சும் 3 அடி அரிசி மூட்டைக்கு.

மேடை உயரத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கொத்தனார் வழக்கப்படி இரண்டே முக்கால் அடியில் கடப்பாக்கல்லைப் பதித்துவிடுவார். அதன்மேல் அடுப்பு அரையடி, அதற்கும் மேல் தோசைக்கல். குள்ளமானவர் தோசை திருப்பும்போது தோள் காதுக்கு ஏறும். நாலு பேருக்குச் சுட்டு முடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். சமைப்பவரை நிற்க வைத்து முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு 4 அங்குலம் கீழே மேடையைக் குறியுங்கள். அடுப்பு வரும் பகுதியை மட்டும் இன்னும் 4 அங்குலம் தாழ்த்துங்கள். வேலை கொஞ்சம் கூடத்தான், விட்டுக்கொடுக்காதீர்கள்.

சிலிண்டர் மேடைக்கு அடியில் நிமிர்ந்து நிற்க வேண்டும். சுரக்ஷா டியூப் ஒன்றரை மீட்டர்தான், அதற்குள் எட்ட வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டருக்குப் பள்ளம் தோண்டுவதோ கதவு போட்டு அடைப்பதோ கூடாது; கதவு வேண்டுமென்றால் அடியில் காற்று போக ஓட்டை விடுங்கள்.

இனி சாப்பாடு. மேற்குச் சுவரை ஒட்டி 5 அடி நீளத்தில் ஒன்றேகால் அடி அகல பெஞ்ச், முன்னால் 2 அடி அகல மடக்கு மேசை. மேடைக்கும் மேசைக்கும் நடுவே இரண்டே முக்கால் அடி நடை மிஞ்சும். பெஞ்சில் மூன்று பேர், மேசைக் கோடியில் ஒருவர். சுற்றிலும் நாற்காலி போட்டால் குக்கரை இறக்கக்கூட வழி இருக்காது. பொங்கலுக்கு உறவு வந்தால் மேசையை மடக்கிவிட்டு, தரையில் பாய் விரித்து இலை போடலாம். அதற்காகவே பெஞ்சின் கால்களைத் தரையில் பதிக்காதீர்கள். பெஞ்சுக்கு அடியில் குடம் வைக்கலாம்.

இத்தனையையும் பூச்சு வேலைக்கு முன்பே தரையில் சுண்ணாம்பால் அதே அளவில் கோடு போட்டுப் பாருங்கள். மேடை வருமிடத்தில் செங்கல் அடுக்கி, வீட்டார் இரண்டு பேரை ஒரே நேரத்தில் உள்ளே நடக்க விடுங்கள். இடுப்பு இடித்தால் மேசையைக் குறுக்குங்கள், நடையைக் குறுக்காதீர்கள். அதன்பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபிரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர், எக்ஸாஸ்ட் ஒவ்வொன்றுக்கும் தனி பாயிண்ட் காட்டுங்கள். இண்டக்ஷன் அடுப்புக்கு 16 ஆம்பியர் பாயிண்ட். சிங்க் தெறிக்கும் தூரத்தில் எதுவும் வேண்டாம். வாசலுக்குக் கதவு போட்டால் ஹால் பக்கம் திறக்கட்டும்.