பண்ணைக்குட்டைக்கு இடம் தேர்ந்தெடுக்கப் புவித்தகவல் அமைப்பு

மானாவாரி நிலத்தில் மழைநீரைத் தேக்கி வைத்து, வறட்சிக் காலத்தில் பயிருக்கு உயிர்த்தண்ணீர் கொடுக்கப் பண்ணைக்குட்டை பெரிதும் உதவுகிறது. ஆனால் இடம் தவறினால் செலவும் நிலமும் வீணாகும். மேட்டில் வெட்டிய குட்டைக்கு நீர் வந்து சேராது. மணற்பாங்கான மண்ணில் வந்த நீரும் தங்காது.

புவித்தகவல் அமைப்பு என்பது என்ன?

ஓர் ஊரின் மண் வகை, நிலச் சாய்வு, ஓடைகள், நிலப் பயன்பாடு ஆகியவற்றைத் தனித்தனி வரைபடங்களாகக் கணிப்பொறியில் பதிந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்க்கும் முறையே இது. ஒவ்வொரு படத்திலும் தகுதியற்ற இடங்களை நீக்கினால், எல்லா வகையிலும் ஏற்ற இடங்கள் மட்டும் எஞ்சும்.

கவனிக்க வேண்டியவை

1. நோக்கம்: நீரைத் தேக்கிப் பாய்ச்சக் களிப்பாங்கான மண் ஏற்றது. கிணற்றில் ஊறலைப் பெருக்கும் கசிவுநீர்க் குட்டைக்கோ நீர் எளிதில் இறங்கும் மண்ணும், அடியில் வெடிப்புள்ள பாறையும் வேண்டும்.

2. நீர்வரத்து: ஒரு எக்டரில் 50 மி.மீ. மழை பெய்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு வழிந்தோடினால் 100 கன மீட்டர் நீர் கிடைக்கும். 4 எக்டர் நீர்ப்பிடிப்புக்கு 400 கன மீட்டர். மேலே 16 மீட்டர், அடியில் 12 மீட்டர் சதுரமாக, 2 மீட்டர் ஆழத்தில் வெட்டிய குட்டை ஏறத்தாழ இந்நீரைக் கொள்ளும்.

3. ஓடை: கீழுள்ள நிலங்களுக்கும் ஏரிக்கும் செல்லும் நீர்வழியை மறிக்கக் கூடாது.

நேரடி ஆய்வு

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2009-ஆம் ஆண்டு தொடங்கிய 'புவன்' இணையதளத்தில் செயற்கைக்கோள் படங்களைக் காணலாம். 2005-இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 தந்த படங்களிலிருந்து தயாரித்த உயர வரைபடத்தில், ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர் சதுரம். அதாவது ஏறத்தாழ 22 சென்ட். அதற்குள் உள்ள வரப்பும் வாய்க்காலும் சிறு பள்ளமும் அதில் தெரியா. ஆகவே மழை பெய்யும்போது நீர் ஓடும் போக்கை நேரில் கவனிக்க வேண்டும். பின்னர் குட்டையின் ஆழத்திற்குச் சோதனைக் குழி தோண்டி, மாலையில் நீர் நிரப்பி, மறுநாள் காலையில் எவ்வளவு இறங்கியுள்ளது எனப் பார்த்தல் நலம்.

விவசாயப் பெருமக்கள் தங்கள் நிலத்தின் சர்வே எண்ணுடன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலர்களை அணுகி ஆலோசனை பெற்ற பின்னரே குட்டை வெட்டும் பணியைத் தொடங்க வேண்டும்.