புகையை நிறுத்தப் போகிறீர்களா?

* ‘பீடி இலைதானே, கெடுதல் குறைவு’ என்பது தவறு. அதிலும் நிகோடின், கார்பன் மோனாக்சைடு, தார் உண்டு. நுரையீரல், வாய்ப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் எதற்கும் பீடி, சிகரெட் பேதமில்லை.

* நிறுத்தும் தேதியை முன்கூட்டியே குறித்து வீட்டில் சொல்லிவிடுங்கள். முதல் நாள் இரவே பாக்கெட், தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள்.

* டீயும் சிகரெட்டும் சேர்ந்தே பழகியிருந்தால், சில வாரங்களுக்கு டீக்கடைப் பக்கம் போகாமல் வீட்டிலேயே குடியுங்கள்.

* புகைக்கும் உந்துதல் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அதுவரை தண்ணீர் குடிக்கலாம், கிராம்போ ஏலக்காயோ மெல்லலாம், கொஞ்சம் நடக்கலாம்.

* எரிச்சல், தூக்கமின்மை, அதிகப் பசி முதல் வாரத்தில் கடுமையாக இருக்கும். பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களில் தணியும்.

* நிகோடின் சூயிங்கத்தைச் சாதாரண சூயிங்கம் போல விடாமல் மெல்லக் கூடாது. மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்குங்கள். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, டீ வேண்டாம். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் டாக்டரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும்.

* இலவச ஆலோசனைக்கு, தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

* இடையில் ஒன்று பிடித்துவிட்டால், ‘எல்லாம் போச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். அடுத்ததைத் தொடாமல் தொடருங்கள். ஓராண்டு தாண்டினால், மாரடைப்பு அபாயம் புகைப்பவருக்கு இருப்பதில் ஏறக்குறைய பாதியாகக் குறையும்.