நாய்க்கடியும் சைக்கிள் பிரயாணமும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)

போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள சிலமலை, இராசிங்கபுரம், டொம்புச்சேரி முதலிய கிராமங்களில் விடியுமுன்னரே சைக்கிளில் புறப்படுவோர் பலர். சங்கத்திற்குப் பால் கொண்டு செல்வோரும், முந்தல் அடிவாரத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோரும் அவர்களில் அடங்குவர். களத்திலும் தோட்டத்திலும் இரவுக் காவலுக்காக அவிழ்த்துவிடப்பட்ட நாய்கள் அந்நேரத்தில் இன்னும் கட்டப்படாமல் பாதையில் நிற்கும். அவற்றால் நேரும் தீங்குகள் இரண்டு. சைக்கிளிலிருந்து விழுந்து அடிபடுதல் ஒன்று, வெறிநோய் மற்றொன்று. முன்னது பெரும்பாலும் நாளடைவில் ஆறிவிடும். பின்னதன் குறிகள் தோன்றிவிட்டாலோ பிழைப்பது அரிதினும் அரிது. ஆயினும், கடிபட்ட அன்றே செய்யவேண்டியவற்றைச் செய்தால் அந்நோயை வராமலே தடுத்துவிடலாம்.

1. நாய் துரத்தும்போது

ஓடும் பொருளைத் துரத்துவது நாயின் இயல்பு. சைக்கிளை வேகமாக மிதித்தால் அதன் உற்சாகமும் வளருகிறது. ஆகையால் தூரத்திலேயே மணியடித்து, வேகத்தைக் குறைத்து, நாய் நெருங்கினால் இறங்கிவிடுதல் நலம். தனக்கும் நாய்க்கும் நடுவே சைக்கிளை நிறுத்திக்கொண்டு, அதன் கண்களை உற்று நோக்காமல், மெல்ல நடந்து அப்பால் செல்லவேண்டும். பெரும்பாலான நாய்கள் தங்கள் எல்லை கடந்ததும் நின்றுவிடும். காலால் உதைக்க முற்படுபவன் காலையே நாயின் வாய்க்குக் கொடுக்கிறான். நிலை தவறி விழவும் ஏதுவாகும். குட்டிகளோடு இருக்கும் நாயின் அருகே செல்லலாகாது.

போடிமெட்டு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் பதினேழு. அங்கே இறக்கத்தில் வருவோர் வளைவுக்கு முன்னரே பிரேக்கைப் பிடித்து வேகத்தை அடக்கவேண்டும். வளைவில் நாயைக் கண்டு திடீரெனப் பிரேக் பிடித்தால், நாய் கடிக்காவிடினும் வீழ்ச்சி நிச்சயம்.

2. கடித்தவுடன்

வெறிநோய்க் கிருமி நாயின் உமிழ்நீரில் உள்ளது. அது காயத்தின் வழியே நரம்பை அடைந்து, அங்கிருந்து மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்களில் நோய் தோன்றும். சிலருக்கு அதற்கு முன்னரும், சிலருக்கு ஓராண்டுக்குப் பின்னரும் தோன்றுவதுண்டு. முகத்திலும் தலையிலும் பட்ட கடி மிக அபாயமானது. ஆகவே, "பத்து நாளாகியும் ஒன்றும் செய்யவில்லை" என்று ஆறுதல் கொள்வது பேதைமை.

முதற் சிகிச்சை சோப்பும் தண்ணீருமே. ஓடும் தண்ணீரில், சோப்பிட்டு, முழுதாகப் பதினைந்து நிமிஷம் காயத்தைக் கழுவவேண்டும். குழாய், வாய்க்கால், மலை ஊற்று எதுவாயினும் தகும். சைக்கிள் பையில் ஒரு சோப்புத் துண்டு வைத்திருப்பது அற்பச் செலவு. அது ஓர் உயிரைக் காக்கக்கூடும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், எருக்கம்பால் இவற்றைக் காயத்தில் வைத்தலும், மந்திரித்து வீட்டிலிருத்தலும் கூடா. பல் ஆழப் பதியாமல் தோலைக் கீறியிருப்பினும், நகம் பட்டிருப்பினும் வைத்தியரிடம் காட்டியே தீரவேண்டும்.

3. ஊசி பற்றிய பழைய பயம்

தென்னிந்தியாவில் முற்காலத்தில் இதற்குச் சிகிச்சையே கிடையாது. லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற மாது 1902-ஆம் ஆண்டில் இந்நோயால் மாண்டதன் பின்னர் எழுந்த முயற்சியால், 1907-ஆம் ஆண்டில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்தை வயிற்றில் பல நாள் குத்திவந்த பழைய முறையை இன்றும் முதியோர் சொல்லக் கேட்டு அஞ்சுவோர் உளர். அம்மருந்து நம் நாட்டில் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்னரே கைவிடப்பட்டது.

இக்காலத்து ஊசி மேற்கையில் போடப்படுகிறது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இதற்குக் கட்டணமில்லை. தோலினுள் போடும் முறையில் முதல் ஊசி 1-ஆம் தேதியாயின், அடுத்தவை 4, 8, 29 ஆகிய தேதிகளில் வரும். இரத்தம் கசியக் கடித்திருப்பின், தடுப்பூசி பலன் தரும்வரை உடலைக் காக்க, காயத்திலேயே வேறொரு மருந்தையும் செலுத்துவர். போடி சர்க்கார் ஆஸ்பத்திரியிலோ, தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ இதை விசாரித்துக்கொள்ளலாம்.

வலி தீர்ந்ததும் மற்ற ஊசிகளை மறப்பதே பெருந்தவறு. ஏலத்தோட்ட வேலைக்காக மலை கடந்து கேரளத்தில் தங்குவோர் இத்தவறுக்கு எளிதில் ஆளாவர். அவர்கள் ஊசிச் சீட்டைக் கையோடு கொண்டு சென்று, அங்குள்ள சர்க்கார் சுகாதார நிலையத்தில் காட்டவேண்டும்.

கடித்த நாய் பத்து நாள் நலமாயிருப்பின், கடித்த சமயத்தில் அதன் உமிழ்நீரில் நோய் இல்லை எனக் கொள்ளலாம். ஆனால் அந்தப் பத்து நாளும் ஊசியின்றிக் காத்திருக்கலாகாது.

4. சங்கம் செய்யக்கூடியது

நாயை அடித்துக் கொல்வதால் நோய் ஒழியாது. அவ்விடத்திற்கு ஊசி போடப்படாத வேறு நாய் வந்துசேரும். ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவுவது நின்றுவிடும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கருத்து. தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து அவ்விடத்திலேயே விடவேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டு விதி; இது ஸ்தல ஸ்தாபனத்தின் கடமை. வளர்ப்பு நாயால் பிறருக்கு ஆபத்து நேரும்படி அசட்டையாய் இருப்பது பாரதீய நியாய சம்ஹிதையின் 291-ஆம் பிரிவின்படி குற்றம்.

ஒருவன் நாயை மட்டும் கட்டிவைப்பதால் ஊர் பிழையாது. எல்லோரும் கூடிச் செய்யவேண்டிய காரியம் இது. சங்கத்தார் அங்கத்தினர்களின் நாய்களைக் கணக்கெடுத்து, கால்நடை வைத்தியரை அழைத்து, ஆண்டுக்கொருமுறை ஊசி நாள் நடத்தலாம். விடியுமுன் நாயைக் கட்டுவதென மகாசபையில் தீர்மானிக்கலாம். பால் ஊற்றுமிடத்தில் குழாயடியில் ஒரு சோப்பை எப்போதும் வைத்திருக்கலாம்.

சங்கக் கூட்டத்தில் கேட்கத்தக்க வினாக்கள்

1. கடிபட்ட காயத்தை எவ்வளவு நேரம், எதனால் கழுவவேண்டும்?
2. முதல் ஊசி 2-ஆம் தேதியாயின் மற்றவை எந்தத் தேதிகளில் வரும்?
3. நம் சங்க அங்கத்தினர் வளர்க்கும் நாய்கள் எத்தனை? அவற்றில் ஊசி போட்டவை எத்தனை?

மூன்றாவது வினாவுக்கு விடை தெரியாத சங்கம், அடுத்த கூட்டத்திற்குள் அதைத் தெரிந்துகொள்ளக் கடவது.