வளைந்தோடும் ஆறும் வெள்ளச் சமவெளியும்

பெருமழை ஓய்ந்த மாலையில் தோட்டத்துப் பாலத்தின்மீது நின்று ஆற்றைப் பார்த்திருப்பீர்கள். முதல்நாள் கூழாங்கற்கள் தெரிய மெல்ல ஓடிய நீர், மறுநாள் செம்மண் நிறத்தோடு கரைபுரண்டு ஓடும். "இந்த ஆறு ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது? நேராகப் போனால் வெள்ளம் விரைவில் வடிந்துவிடுமே!" என்று பெரியவர் சிலர் சொல்லவும் கேட்டிருப்பீர்கள்.

கேட்பதற்கு நியாயமான கேள்விதான். பொறியியல் வல்லுநரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினர். எண்ணியதோடு நில்லாமல் உலகின் பல ஆறுகளை நேராக வெட்டியும் முடித்தனர். பின்னர் அவற்றுள் சிலவற்றைத் தாமே மீண்டும் வளைந்தோடச் செய்தனர். ஏன் அவ்வாறு செய்தனர்? அதனை அறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

ஆறு வளைவது ஏன்?

மலைச்சரிவில் விரைந்து இறங்கும் ஆறு சமவெளியை அடைந்ததும் வேகம் தணிகிறது. அங்கே ஒரு பாறையோ, விழுந்த மரமோ, கெட்டியான மண்திட்டோ நீரைச் சற்றே ஒருபுறம் திருப்பினால் போதும், வளைவு தோன்றிவிடும். வளைவின் வெளிப்புறத்தில் நீர் வேகமாக ஓடிக் கரையை அரிக்கும். உட்புறத்தில் நீர் மெதுவாக ஓடுவதால் மணலும் வண்டலும் அங்கே படியும். ஒருபுறம் அரிப்பும் மறுபுறம் படிவும் தொடர்ந்து நிகழ்வதால் வளைவு ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிறது.

சில வேளைகளில் வளைவு மிகப் பெரிதாகி, அதன் இரு முனைகளும் நெருங்கி வந்துவிடும். பெருவெள்ளம் ஒன்று வரும்போது ஆறு அந்தக் குறுகிய இடைவெளியை உடைத்துக்கொண்டு நேரே பாயும். தனித்து விடப்பட்ட பழைய வளைவு ஏரியாக மாறும். இதனைக் குதிரைக் குளம்பு ஏரி என்பர். சபா மாநிலத்தில் கினபாத்தாங்கான் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இத்தகைய ஏரிகள் பல உள்ளன. ஆதலின், வளைவு என்பது ஆற்றின் குறையன்று. அஃது ஆற்றின் இயல்பாகும்.

வெள்ளச் சமவெளி

ஆற்றின் இருமருங்கும் தாழ்ந்து பரந்து கிடக்கும் நிலத்திற்கு வெள்ளச் சமவெளி என்று பெயர். மழைக்காலத்தில் ஆறு தன் கரையை மீறி இந்நிலத்தில் பரவுகிறது. பரவிய நீர் ஆழங்குறைந்து, புல்லிலும் புதரிலும் தடைபட்டு, வேகம் இழக்கிறது. அதில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது. எஞ்சியது சில நாள்களில் மெல்ல ஆற்றுக்கே திரும்புகிறது. அந்நீர் கொணர்ந்த வண்டல் நிலத்தில் தங்கி அதனை வளமாக்குகிறது. மீன்குஞ்சுகள் அங்கே இரை தேடி வளர்கின்றன.

வீட்டில் நெல் மிகுந்தால் குதிரில் சேர்த்துவைத்துப் பின்னர் சிறிது சிறிதாக எடுப்பதுபோல, மிகுந்த நீரைத் தாங்கி வைத்துப் பின்னர் விடுவிக்கும் குதிரே வெள்ளச் சமவெளி எனலாம்.

நேராக்கினால் நேர்வது என்ன?

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஓர் ஆறு 20 கிலோமீட்டர் வளைந்தோடி 10 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று கொள்வோம். அதாவது, ஒரு கிலோமீட்டருக்கு அரை மீட்டர் இறக்கம். அதனை வெட்டி நேராக்கி 10 கிலோமீட்டராகக் குறுக்கிவிட்டால், இறங்கவேண்டிய உயரம் அதே 10 மீட்டர்தான். ஆனால், ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம். சரிவு இருமடங்காகிவிட்டது! சரிவு கூடினால் வேகம் கூடும். வேகம் கூடினால் அரிப்பும் கூடும்.

நேராக்கப்பட்ட இடத்தில் வாழ்வோருக்கு வெள்ளம் விரைவில் வடிவது உண்மையே. ஆனால் வடிந்த நீர் எங்கே செல்கிறது? கீழ்ப்பகுதியில் வாழ்வோரின் வாசலுக்குச் செல்கிறது. முன்னைவிட விரைவாகவும், ஒரே நேரத்தில் மிகுதியாகவும் செல்கிறது. ஒருவரின் துன்பத்தை மற்றொருவரின் தலையில் இறக்கிவைப்பது தீர்வாகுமா?

கிசிமி ஆறு கற்பித்த பாடம்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கிசிமி என்னும் ஆறு ஓடுகிறது. அது முன்னாளில் 166 கிலோமீட்டர் தூரம் வளைந்து வளைந்து ஓடி ஓக்கிச்சோபி ஏரியில் கலந்தது. அதன் வெள்ளச் சமவெளி ஒன்றரை முதல் மூன்று கிலோமீட்டர்வரை அகன்றிருந்தது. 1947ஆம் ஆண்டில் வீசிய புயல்களால் அம்மாநிலத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டது. மக்கள் பாதுகாப்பு வேண்டினர். அரசாங்கம் 1962ஆம் ஆண்டு தொடங்கி 1971ஆம் ஆண்டுவரை வேலைசெய்து, அவ்வாற்றை 90 கிலோமீட்டர் நீளமுள்ள ஆழமான கால்வாயாக மாற்றியது. நீரைக் கட்டுப்படுத்த ஆறு மதகு அமைப்புகளும் கட்டப்பட்டன. மக்களைக் காக்கவேண்டும் என்ற நோக்கத்தைக் குறைகூற இயலாது.

ஆனால், விளைவோ வேறாக இருந்தது. வெள்ளச் சமவெளிக்கு நீர் வரத்து நின்றது. சதுப்பு நிலங்கள் வறண்டு மேய்ச்சல் நிலங்களாயின. மதகுகளுக்கு இடையே நீர் குளம்போல் தேங்கிற்று. ஓட்டமின்மையால் நீரில் உயிர்வளி குறைந்தது. மட்கிய செடிகள் அடியில் சேறாகப் படிந்தன. குளிர்காலத்தில் அங்கு வந்து தங்கிய நீர்ப்பறவைகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வராமற் போயின.

கால்வாய் வேலை முடிந்து சில ஆண்டுகளிலேயே, 1976ஆம் ஆண்டில், ஆற்றை மீட்பதற்கென அம்மாநிலத்தில் சட்டம் இயற்றப்பட்டது. 1992ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மன்றமும் ஒப்புதல் அளித்தது. கட்டுமான வேலை 1999ஆம் ஆண்டில் தொடங்கி 2021ஆம் ஆண்டில் நிறைவுற்றது. தோண்டிக் குவித்த மண்ணைக்கொண்டே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளக் கால்வாய் தூர்க்கப்பட்டது. மதகு அமைப்புகளுள் இரண்டு தகர்க்கப்பட்டன. ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தூரத்திற்கு ஆறு மீண்டும் வளைந்தோடத் தொடங்கிற்று. ஓட்டம் திரும்பியதும் அடியில் கிடந்த சேறு அடித்துச் செல்லப்பட்டு வெண்மணல் தெரிந்தது. நீரில் உயிர்வளி பெருகிற்று. பறவைகளும் திரும்பி வந்தன.

இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். ஆற்றை நேராக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. அதில் ஒரு பகுதியை மீட்கவோ இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. செலவும் பன்மடங்காயிற்று. வெள்ளம் பரவுவதற்காக நிலங்களை உரியவர்களிடமிருந்து விலைகொடுத்து வாங்கவும் நேர்ந்தது. கால்வாய் முழுவதும் தூர்க்கப்படவுமில்லை. மக்களின் பாதுகாப்புக் கருதி மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் கால்வாயாகவே விடப்பட்டன. கெடுப்பது எளிது, திருத்துவது அரிது என்பதை இது நன்கு உணர்த்துகிறது.

நமக்கு அருகில் காலாங் ஆறு

தொலைவிலுள்ள நாட்டை மட்டும் சொல்வானேன்? சிங்கப்பூரின் மிக நீண்ட ஆறாகிய காலாங் ஆறு பீஷான் - அங் மோ கியோ பூங்காவின் ஓரமாக நேரான சிமெண்டுக் கால்வாயில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கு அதன் நீளம் 2.7 கிலோமீட்டர். பூங்கா ஒருபுறம், கால்வாய் மறுபுறம் எனப் பிரிந்து கிடந்தன. 2009ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. சிமெண்டுச் சுவர்கள் உடைத்து அகற்றப்பட்டன. ஆறு பூங்காவின் நடுவே 3.2 கிலோமீட்டர் தூரம் வளைந்தோடும்படி அமைக்கப்பட்டு, 2012ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது.

கரைகள் அரிக்கப்படாமலிருக்கச் செடிகளின் வேர்களும், பாறைகளும், இயற்கைப் பொருள்களும் பயன்படுத்தப்பட்டன. எந்த முறை நம் வெப்பமண்டல மழையைத் தாங்கும் என்பதை அறிய, முதலில் ஒரு சிறு ஓடையின் கரையில் பல முறைகளைச் சோதித்துப் பார்த்தனர். உடைத்த சிமெண்டுப் பாளங்களையும் வீணாக்காமல் பூங்காவில் ஒரு குன்று அமைக்கப் பயன்படுத்தினர்.

மழையில்லாத நாளில் அங்கு ஆறு குறுகிய ஓடையாக ஓடும். பிள்ளைகள் கரையருகே சென்று மீன்களைக் காணலாம். பெருமழை பெய்தால் நீர் சரிந்த புல்வெளியின்மீது ஏறி, ஏறத்தாழ 100 மீட்டர் அகலம்வரை பரவும். பூங்காவே வெள்ளச் சமவெளியாகிவிடுகிறது. நீர் உயரும்போது மக்களை எச்சரிக்க விளக்குகளும் ஒலிக்கருவிகளும் அமைக்கப்பட்டுள்ளன. மழை நின்றபின் நீர் வடிய, பூங்கா மீண்டும் பூங்காவாகிறது. நீர்நாய்க் குடும்பங்களும் அங்கே வந்து வாழ்ந்துள்ளன. இடநெருக்கடி மிகுந்த ஒரு நகரத்திலேயே இது கைகூடிற்று என்பது நமக்கு நம்பிக்கை தருகிறது.

நாம் செய்யத்தக்கவை

மலேசியத் திருநாட்டில் 1971ஆம் ஆண்டு ஜனவரியில் கோலாலம்பூரைச் சூழ்ந்த வெள்ளத்தையும், 2014ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தானைத் தாக்கிய வெள்ளத்தையும், 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலம் வட்டாரம் பட்ட துன்பத்தையும் பலர் நேரில் கண்டிருப்பர். தாழ்ந்த நிலத்தில் வீடு அமைந்துவிட்ட ஏழைக் குடும்பங்களே முதலில் துன்புறுகின்றன. அத்தகையோரைப் பார்த்து, "ஆற்றுக்கு இடம் கொடுங்கள், எழுந்து போங்கள்!" என்று சொல்வது அறமாகாது. அவர்களுக்குத் தகுந்த மாற்றிடம் அளித்த பிறகே ஆற்றுக்கு இடம் கேட்கவேண்டும். எல்லா ஆறுகளையும் மீண்டும் வளைத்துவிடவும் இயலாது. ஆனால், இன்னும் வளைந்தோடும் ஆறுகளைக் கெடாமற் காப்பது நம்மால் இயலும்.

மலேசிய நீர்ப்பாசன வடிகால் துறையின் வழிகாட்டு நெறி, ஆற்றின் இரு கரைகளிலும் ஒதுக்கு நிலம் விடவேண்டும் என்கிறது. ஆற்றின் அகலம் 40 மீட்டருக்கு மேற்பட்டால் 50 மீட்டரும், 5 மீட்டருக்குக் குறைந்த ஓடையாயின் 5 மீட்டரும் விடுதல் வேண்டும். தோட்டத்தில் உழைக்கும் பெற்றோர் இதன் பயனை நன்கு அறிவர். கரை விளிம்புவரை செம்பனை நட்ட இடத்தில் மண் சரிந்து மரமே ஆற்றில் சாய்வதைக் கண்டிருப்பர். மூங்கிலும் காட்டுமரங்களும் நிற்கும் இடத்தில் கரை உறுதியாக நிற்பதையும் கண்டிருப்பர். அப்பச்சை வரிசை கரையைக் காப்பதோடு, வயலிலும் தோட்டத்திலும் இட்ட உரம் மழைநீரோடு ஆற்றில் கலப்பதையும் குறைக்கிறது.

மாணவர்களாகிய நீங்கள் கரையோரச் செடிகளை வெட்டாதீர்கள். குப்பையை ஆற்றிலும் கால்வாயிலும் எறியாதீர்கள். மேற்பகுதியில் மழை பெய்தால், உங்கள் இடத்தில் வெயிலடித்தாலும் ஆறு திடீரெனப் பெருகும் என்பதை மறவாதீர்கள்; அவ்வேளையில் நீரில் இறங்காதீர்கள்.

செய்து பார்ப்போம்

அகன்ற தட்டு ஒன்றில் ஈரமணலைப் பரப்பி, ஒருபுறத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள். மேலிருந்து கீழாக ஒரு நேரான வாய்க்காலும் ஒரு வளைந்த வாய்க்காலும் கீறுங்கள். இரண்டிலும் ஒரே அளவு நீரை மெல்ல ஊற்றுங்கள். எதில் நீர் முதலில் அடிமுனையை அடைகிறது? எந்த நீர் மணலை மிகுதியாக அரித்துச் செல்கிறது? கண்டதை ஏட்டில் குறித்து ஆசிரியரிடம் காட்டுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. வளைவின் எப்புறத்தில் அரிப்பும், எப்புறத்தில் படிவும் நிகழ்கின்றன? ஏன்?
2. கிசிமி ஆறு நேராக்கப்பட்டபோது அதன் நீளம் எத்தனை கிலோமீட்டர் குறைந்தது?
3. பூங்காவில் காலாங் ஆற்றின் நீளம் எவ்வளவு கூடிற்று?
4. உங்கள் வீட்டருகே உள்ள ஆறு அல்லது ஓடை முன்னாளில் எவ்வாறு ஓடிற்று என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.

நான்காம் வினாவுக்கு விடை எந்த நூலிலும் இல்லை. அதை அறிந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம். ஆறு முன்பு எவ்வழியே ஓடிற்று என்பதை அறிந்தால்தான், நாளை அதனை மீட்க நினைப்போர்க்கு வழி தெரியும்.